இலையின் மேல் ஒரு கை

ரசக் கரண்டி இலைக்கு மேல் வந்து சாய்வதற்குள் அம்மாவின் கை குறுக்கே நீண்டது. கரண்டியிலிருந்து தவறிய ஒரு சொட்டு அவள் வளையலில் விழுந்து முழங்கைவரை வழிந்தது.

"அவருக்கு வேணாம், காசி. இந்தப் பக்கம் ஊத்து."

காசி பல வருடங்களாக அந்தக் கடையில் பரிமாறுகிறவன். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். யார் இலையில் எது இரண்டாம் முறை விழும் என்பது அவன் கைக்குத் தெரியும். "ஐயா ரசத்த டம்ளர்ல வாங்கிக் குடிக்கிறவராச்சே அக்கா," என்றான்.

"அது அப்ப."

கரண்டி நகர்ந்து மாமாவின் இலைக்குப் போனது.

கோகிலா எதிர் நாற்காலியிலிருந்து அப்பாவின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி சோறு, கொஞ்சம் முட்டைக்கோஸ், இரண்டு வெள்ளரித் துண்டு. மற்ற மூன்று இலைகளிலும் கீரையும் பாவற்காய் வறுவலும் பூசணிக்காய்க் கூட்டும் அப்பளமுமாகப் பச்சை தெரியாமல் நிறைந்திருந்தன. அப்பாவின் இலை மட்டும் விடுமுறை நாளின் பள்ளித் திடல்போலக் கிடந்தது.

பூச்சோங்கில் அவர்களுடைய தாமான் குடியிருப்புக்கு வெளியே, டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த இலைச் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார இடம் கிடைக்காது. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே அடுத்த குடும்பம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் முள்கரண்டியால் மோர்மிளகாயைக் குத்திக்கொண்டிருந்தது. வெளியே வெயில் சட்டென்று அணைந்துவிட்டது. நிறுத்தியிருந்த கார்களின் மேல் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. எங்கோ ஷா ஆலாம் பக்கம் இடி உருண்டது.

அப்பாவின் சிறுநீரகங்கள் சீனப் பெருநாள் சமயத்தில் கைவிட்டுவிட்டன. அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் நிலையம். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த தனபாலன், வேனை விற்றுவிட்டு மகள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கைக்கு வந்தார். அம்மா அஞ்சலை அடுப்படியைப் புதிதாகப் படித்தாள். உருளைக்கிழங்கை அறுத்து இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைப்பாள். அவருக்கான தண்ணீரைக் காலையிலேயே ஒரு சின்னப் போத்தலில் அளந்து ஊற்றிக் குளிர்பெட்டிக் கதவில் வைப்பாள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். இந்த மூன்று மாதத்தில் அவர் உடம்பில் நீர் கட்டவில்லை, கால் வீங்கவில்லை. தாதிகளே அவளைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அதன் பிறகு நடையே மாறிவிட்டது.

இன்று வெளியே சாப்பிடலாம் என்று கேட்டது அப்பாதான். கேட்டது ஒருமுறைதான். அம்மா போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரு நாளைக்குத் தின்னா என்னா ஆயிரும்?" என்றார் சுப்ரா மாமா, அம்மாவின் தம்பி. வாயில் அப்பளம் நொறுங்கியது. "மனுசன் மூஞ்சியப் பாரு. எலயப் பாத்து அழுவுறாரு."

"நீ போயி அந்த மிசின்ல ரெண்டு ஊசி குத்திக்கிட்டு நாலு மணி நேரம் படு. அப்பறம் வந்து பேசு."

"விடு மச்சான்," என்றார் அப்பா. "வீட்டு அரசாங்கம். எதுத்துப் பேசுனா இருக்கிற முட்டக்கோசும் போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தபோது உதடு வெடித்திருந்தது தெரிந்தது. அவருக்கு எப்போதும் தாகம். தூங்கும்போதுகூட நாக்கு உதட்டைத் தேடிக்கொண்டிருக்கும்.

பாயசம் வந்தது, அம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். வாழைப்பழம் வந்தது, எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள். தயிருக்கும் அப்படியே. அப்பா ஒவ்வொரு முறையும் அந்தக் கையைப் பார்த்தார். கோபமில்லை. பிறகு மீதிச் சோற்றை இலையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"சரி, இப்ப பாருங்க," என்றாள் அம்மா. குரலில் ஒரு குறும்பு ஏறியிருந்தது. "காசி, நான் சொன்னத எடுத்துட்டு வா."

காசி ஒரு பெரிய கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தான். வெளிறிய மஞ்சள் சாறு, நிறையப் பனிக்கட்டி. விளிம்பில் ஐந்து முனையோடு நட்சத்திரப் பழத் துண்டு ஒன்று செருகியிருந்தது.

"பெலிம்பிங்," என்றாள் அம்மா. "சீனி போடல. உப்பு போடல. வரும்போதே சொல்லி வச்சேன். பிரசருக்கு இத மாதிரி மருந்தே இல்லன்னு பக்கத்து வீட்டு காக் ஸைத்தோன் சொல்லும், அவுங்க மாமியா தொண்ணூறு வயசு வரைக்கும் இதத்தானே குடிச்சிச்சு. காலையிலேருந்து ஒங்களுக்குத் தண்ணியே குடுக்கலல்ல? இதுக்காகத்தான். இன்னிக்கித் தண்ணி மொத்தமும் இதுதான். குடிங்க."

அப்பா டம்ளரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். வாய் திறந்தது.

"இது..."

"என்னாங்க?"

அம்மாவின் முகம் முழுதும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை நாளாக எடுத்துக்கொண்டே இருந்தவள் முதன்முறையாகக் கொடுக்கிறாள் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. அம்மாவின் முகம் அப்படி விரிந்து அவள் பார்த்துப் பல நாளாகிறது.

"ஒன்னுமில்ல," என்றார் அப்பா. விளிம்பிலிருந்த நட்சத்திரத்தை எடுத்து இலையில் வைத்தார். டம்ளரை இரண்டு கையாலும் தூக்கினார். கீழே வைக்காமல் குடித்தார். தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது. டம்ளரைக் கவிழ்த்து ஒரு பனிக்கட்டியை வாய்க்குள் சரித்துக்கொண்டார். கடைசியில் அந்தப் பழத்துண்டையும் தின்றார்.

"ஒனக்கு ஒன்னு சொல்லவாடி?" என்று அம்மா கோகிலாவைக் கேட்டாள்.

"ஐயோ வேணாம்மா. பல்லு கூசும்."

"இவ ஒருத்தி. பொறந்ததுலேருந்து வாயில வச்சதில்ல. பெலிம்பிங் மரத்தடியில நிறுத்துனாலே மூஞ்சி கோணும்."

அப்பா இலையைத் தன் பக்கமாக மடித்தார். சாப்பாடு திருப்தி என்றால் அப்படித்தான் மடிக்க வேண்டும். மடித்த இலையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். காருக்குப் போகும்போது முதல் மழைத்துளிகள் விழுந்தன. அவர் முகத்தை மேலே தூக்கிக் காட்டினார், அம்மா குடையை விரிக்கும் வரைக்கும்.

*

விக்கல் சாயங்காலம் தொடங்கியது.

மழை விட்டிருந்தது. சுப்ரா மாமா கூடத்தில் கால் நீட்டித் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முதல் விக்கல் வந்தபோது, "யாரு மச்சான் நெனைக்கிறா? வேன்ல போன டீச்சருங்கள்ல யாராச்சுமா?" என்றார்.

"பழைய டீச்சரா இருந்தா பென்சன் வாங்கியிருப்பா," என்றார் அப்பா. அடுத்த விக்கல் வாக்கியத்தை முறித்தது.

அம்மா ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கலாமா என்று குளிர்பெட்டியைத் திறந்து, யோசித்து, மூடினாள். இன்றைய கணக்கு முடிந்துவிட்டது. நாக்கில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்தாள். முதுகில் திடீரென்று தட்டிப் பார்த்தாள். மூச்சை அடக்கச் சொன்னாள். மாமா சிரித்துக்கொண்டே பெயர் பெயராகச் சொன்னார், யார் பெயரில் விக்கல் நிற்கிறது பார்ப்போம் என்று. சொந்தத்தில் இருந்த எல்லாப் பெயரும் தீர்ந்தது. செத்தவர்களின் பெயர்களுக்கு வந்தபோது அம்மா, "வாய மூடு தம்பி," என்றாள்.

மாமா கிளம்பிப் போன பிறகு வீட்டில் அந்தச் சத்தம் மட்டும் இருந்தது. பல்லி சொல்வதுபோல் இல்லை, இருமல்போலவும் இல்லை. ஒரு கதவு உள்ளே மாட்டிக்கொண்டு திறக்கப் பார்ப்பதுபோல இருந்தது. கோகிலா தன் அறையில் படுத்துக்கொண்டு, ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை காத்திருந்தாள். அது வராமல் இருக்கவில்லை.

காலையிலும் நிற்கவில்லை. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாவி எங்க?"

"எந்தச் சாவிப்பா?"

"வேன் சாவி. பிள்ளைங்க மழையில நிக்கிதுங்க." விக்கினார். "நாகம்மா, சாவிய எடு."

நாகம்மா அவருடைய அக்கா. கோகிலா பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவள்.

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதறவில்லை. அருகில் வந்து அவருடைய இடது கையைத் தூக்கி, ஊசி போடும் இடத்தில் புடைத்திருந்த நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அறுவை செய்து இணைத்த அந்த நரம்பில் ரத்தம் ஓடும்போது ஓர் அதிர்வு தெரியும், பூனை மடியில் உறுமுவதுபோல. அது நின்றால் உடனே கொண்டுவர வேண்டும் என்று தாதி சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் எழுந்தவுடன் அம்மா கை வைத்துப் பார்க்கிறாள்.

"ஓடுது," என்றாள். "கார எடு."

*

மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா வெளியே நீல நாற்காலியில் மடியில் சுடுநீர்ப் புட்டியோடு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வந்த மருத்துவர் சின்னப் பெண், கோகிலாவைவிட இளையவள். மலாயில் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"மகளா? விக்கல் எப்ப ஆரம்பிச்சது?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து என்ன சாப்பிட்டாரு?"

கோகிலா சொன்னாள். சோறு, முட்டைக்கோஸ், வெள்ளரி. ரசம் இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. அம்மா ஒப்பிப்பதுபோலவே ஒப்பித்தாள்.

"பெலிம்பிங்?"

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகமே சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"எவ்வளவு?"

"ஒரு பெரிய டம்ளர்."

"கிட்னி போனவங்களுக்கு அது விஷம். நமக்கு ஒன்னும் செய்யாது, வெளிய போயிரும். இவங்களுக்கு ரத்தத்திலயே தங்கி மூளைக்கு ஏறும். விக்கல்தான் மொத அடையாளம். இப்பவே மிசின்ல போடுறோம். நேத்தே வந்திருந்தா..." அங்கே நிறுத்திக்கொண்டாள். "யாரு குடுத்தது?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா புட்டியின் மூடியைத் திறந்து, ஆவி வருகிறதா என்று பார்த்து, மூடினாள்.

"கடையில," என்றாள் கோகிலா. பிறகு சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

மருத்துவரும் கதவைப் பார்த்தாள். "நானா சொல்லமாட்டேன். அவங்களா கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

"கேக்க மாட்டாங்க."

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது அவளுக்கு உறைத்தது. இனி அம்மா யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. யாரும் அம்மாவிடம் சொல்லிவிடக் கூடாது. இன்றைக்கு மட்டும் அல்ல.

"என்னா கேட்டா டாக்டரு?" என்றாள் அம்மா.

"என்ன சாப்பிட்டாருன்னு."

"சொன்னியா? ரசம்கூட ஊத்த விடலன்னு சொன்னியா?"

"சொன்னேம்மா."

அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்தது. கோகிலா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. கதவுக்கு வெளியேவரை கேட்டுக்கொண்டிருந்த விக்கல் நின்றது. அது நின்றதை வைத்துத்தான் கோகிலாவுக்குப் புரிந்தது. சாயங்காலம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா திரையை விலக்கிக்கொண்டு போய், முகத்தைப் பார்க்காமல், முதலில் அவருடைய இடது கையை எடுத்தாள். நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். குனிந்து காதை வைத்தாள்.

"நின்னுபோச்சி," என்றாள்.

*

தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர் வேனில் போய்ப் படித்த பிள்ளைகள் பலர் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் புது வேட்டியில் கிடந்தார். உதட்டு வெடிப்பில் யாரோ வெண்ணெய் தடவியிருந்தார்கள்.

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் குனிந்து அவளைக் கட்டிக்கொள்ள, ஒவ்வொருவரிடமும் அவள் அதையேதான் சொன்னாள்.

"கடைசியா அந்த பெலிம்பிங் ஜூச மட்டும் ஆசையாக் குடிச்சாரு. டம்ளர கீழ வைக்காமக் குடிச்சாரு. நல்லவேள, அதயாச்சும் வாங்கிக் குடுத்தேன். இல்லன்னா என் மனசு ஆறுமா?"

கேட்டவர்கள் அழுதார்கள். "குடுத்து வச்சவரு," என்றார்கள். கோகிலா பெட்டி பானங்களை அடுக்கிய தட்டோடு அம்மாவைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தாள். யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஒவ்வொரு முகமாக எடைபோட்டாள். அத்தைகளைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. மகன் பார்மசியில் வேலை செய்யும் பக்கத்துத் தெரு அம்மாளைப் பெட்டியருகே நெருங்க விடாமல், சமையல்காரரிடம் தேநீர் சொல்ல அனுப்பினாள்.

பாடையை எடுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர்கள் இருவரும் வந்தார்கள். டயலிசிஸ் நிலையத்துத் தாதி ரொஹானா, தலைமுக்காட்டின் மேல் இன்னொரு கறுப்புத் துணியைப் போர்த்தியிருந்தாள். கூடவே அர்ஜுனன். நிலையத்தில் அப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரர். முழுக்கைச் சட்டையின் இடது கை மட்டும் உப்பியிருந்தது.

கோகிலா கூட்டத்துக்குள் புகுந்து வருவதற்குள் அம்மா தாதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன் மிஸ்ஸி. உப்பு இல்ல, கீர இல்ல. தண்ணிகூட அளந்துதான். கடைசியா ஆசப்பட்டு ஒரு கிளாஸ் பெலிம்பிங் ஜூஸ்..."

ரொஹானாவின் முகத்தில் எதுவோ நின்றது. கைகளை விடவில்லை. அம்மாவின் தோளுக்கு மேல் கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா தட்டைப் பிடித்தபடியே தலையை அசைத்தாள், இல்லை என்று, மிக லேசாக.

பின்னால் யாரோ சங்கை எடுத்து ஊதத் தொடங்கினார்கள். அது நிற்கும்வரை தாதி பேசவில்லை.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க, அக்கா," என்றாள். "உங்கள மாதிரி யாரும் பாத்ததில்ல."

அம்மா முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். அர்ஜுனன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடை தெருமுனை தாண்டிய பிறகு, வாசலில் தண்ணீர் தெளிக்க வந்த கோகிலாவை அர்ஜுனன் நிறுத்தினார். ஆண்களோடு போகவில்லை, அவருக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

"அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது அங்கிள்."

"மிஸ்ஸி அந்தப் பழத்தப் பத்திச் சொன்னப்ப நாங்க ரெண்டு பேரும் மிசின்ல படுத்திருந்தோம்மா. எங்க வூட்டுக்குப் பின்னால அந்த மரம் ஒன்னு நின்னிச்சு. 'அர்ஜுனா, ஒன்னய எமன் தேடி வர வேணாம், கொல்லையிலயே குடி வச்சிருக்க'ன்னு உங்கப்பாதான் சொல்லிச் சிரிச்சாரு. நான் மறுநாளே வெட்டிப்புட்டேன்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மறந்திருப்பாரு."

அம்மா வரவழைத்த டம்ளரும், "இது..." என்று திறந்து மூடிய வாயும் கோகிலாவுக்கு முன்னால் வந்து நின்றன.

"ஆமா அங்கிள். மறந்திருப்பாரு."

இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், துக்கம் கழிக்கத் தாய்வீட்டுச் சோறு போட வேண்டியது சுப்ரா மாமாவின் முறை. அவர் வீட்டில் சமைக்க ஆளில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரில். "வழக்கமான கடையிலயே போட்டுருவோம்," என்றார். கோகிலா வேறு இரண்டு கடைகளின் பெயரைச் சொன்னாள். அம்மா, "அங்கயே போவோம். அவரு கடைசியா உக்காந்த எடம்," என்றாள். பிறகு, "அர்ஜுனன் அண்ணனையும் கூப்பிடு. இருந்த ஒரே சேக்காளி," என்றாள்.

மேசையைக்கூட அம்மாதான் காட்டினாள். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் அர்ஜுனனை உட்காரச் சொன்னாள். வேறு இடம் இருந்தது. அவர் தயங்கினார், உட்கார்ந்தார்.

காசி இலைக் கட்டோடு வந்தான். "என்னக்கா, ஆளையே காணோம்? ஐயா வண்டிய நிறுத்திட்டு..." என்று தொடங்கியவன் அம்மாவின் நெற்றியைப் பார்த்தான். கையைப் பார்த்தான். இலைகளைப் போட்டான், தண்ணீர் தெளித்தான். வழக்கமாக அவன் துடைக்காத இடத்தையெல்லாம் துடைத்தான்.

சாப்பாடு வந்தது. அம்மா தன் இலையைத் தொடவில்லை. அர்ஜுனன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை வந்தபோது, "அவருக்கு வேணாம்," என்றாள். ரசம் வந்தபோது கை தானாகவே குறுக்கே நீண்டது. அந்தக் கை இத்தனை நாளாக வேலையில்லாமல் இருந்ததை கோகிலா அப்போதுதான் கவனித்தாள்.

"அண்ணிக்குத் தெரியுமா இதெல்லாம்?" என்று அம்மா கேட்டாள். "கெழங்க ஊறப்போட்டுத்தானே செய்யிறாங்க?"

"ஊறப்போடுறா தங்கச்சி. ஆனா ஒங்க அளவுக்குப் போலீசு வேல பாக்க மாட்டா."

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. மாமாவும் கோகிலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அம்மா திரும்பினாள்.

"காசி, அண்ணனுக்கு ஒரு பெலிம்பிங். சீனி, உப்பு போடாத. பனி நெறைய."

"அம்மா," என்றாள் கோகிலா. "அங்கிளுக்குச் சளி."

"எனக்கா?" என்று அர்ஜுனன் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"சளிக்கு ஒன்னும் செய்யாது. அவரு பேருல குடுக்கிறேன். நீ சும்மா இரு."

இடி இல்லை, மழை இல்லை. வெளியே வெயில் கார்களின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. காசி உள்ளே போவதையும், அரைக்கும் இயந்திரம் ஓடுவதையும், நிற்பதையும் கோகிலா கேட்டாள். அதே டம்ளர். விளிம்பில் அதே நட்சத்திரம். அர்ஜுனனின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

அவர் டம்ளரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இது..."

"என்னாண்ணே?"

அம்மாவின் முகம் முழுதும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"ஒன்னுமில்ல தங்கச்சி. அப்பறமாக் குடிக்கிறேன்."

"சில்லுன்னு இருக்கும்போதே குடிங்க. அவரு ஒரே மூச்சில குடிச்சாரு."

அர்ஜுனனின் கை மேசை மேல் ஊர்ந்தது. விரல்கள் டம்ளரைச் சுற்றி மூடின. நனைந்த கண்ணாடியில் அவர் விரல் ரேகைகள் பதிந்தன. அவர் உதடும் வெடித்துத்தான் இருந்தது.

கோகிலா எழுந்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவர் விரல்களிலிருந்து டம்ளரை உருவினாள். நின்றபடியே குடித்தாள். புளிப்பு பல்லில் ஏறிக் காதுக்குள் கூசியது. கண்ணில் நீர் வந்தது. நிறுத்தாமல் குடித்தாள். வெறும் டம்ளரைக் கீழே வைத்தபோது பனிக்கட்டிகள் கலகலத்தன.

மாமா சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார். "என்னா புள்ள இது? மனுசனுக்கு வச்சத வெடுக்குன்னு..."

"தாகமா இருந்திச்சி மாமா."

"தாகம்னா தண்ணி குடிக்கிறது. காசி, அண்ணனுக்கு இன்னொன்னு எடுத்துட்டு வா," என்றார் மாமா.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புளிப்பில் சுருங்கியிருந்த கண்ணையும், புறங்கையால் துடைத்துக்கொண்ட வாயையும் பார்த்தாள்.

"நீதான் வாயில வைக்க மாட்டியே," என்றாள்.

கோகிலா உட்கார்ந்தாள். இலையில் இருந்த சோற்றைப் பிசையத் தொடங்கினாள். அம்மாவின் பார்வை அவளிடமிருந்து அர்ஜுனனுக்குப் போனது. அவர் குனிந்து செருப்பைத் தேடுகிறவர்போல மேசைக்கு அடியில் பார்த்தார். பார்வை வெறும் டம்ளருக்குப் போனது. அங்கேயே வெகுநேரம் நின்றது. மாமா ஏதோ பேசிக்கொண்டிருந்தார், சிங்கப்பூர், பேரன், பள்ளிக்கூடம். உள்ளே இயந்திரம் மறுபடி ஓடி நின்றது.

காசி இரண்டாவது டம்ளரோடு வந்தான். அர்ஜுனனின் தோளுக்கு மேலாகக் குனிந்து, இலைக்குப் பக்கத்தில் வைக்கப் போனான்.

அம்மாவின் கை குறுக்கே நீண்டது.

காசி டம்ளரைப் பிடித்தபடி நின்றான். அம்மா யாரையும் பார்க்கவில்லை. கை மட்டும் இலையை மறைத்து அப்படியே நின்றது. டம்ளரின் வெளிப்புறத்தில் திரண்ட குளிர்நீர் சொட்டியது, வளையல் இல்லாத அவள் மணிக்கட்டில் விழுந்து, தடையில்லாமல் முழங்கைவரை இறங்கியது.